கேஸ் தீராது சார், லீக் தான் ஆகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வேலைவாய்ப்பு இணைப்புல ஏசி மெக்கானிக் படிப்பு பத்தி ஒரு முழுப் பக்கம் வந்திருந்துச்சு. நான் 28 வருஷமா இந்த தொழில்ல இருக்கேன், அதுல கடைசி 9 வருஷமா பசங்களுக்கு பிராக்டிகல் கிளாஸ் எடுக்கறேன், அதனால நம்ம தொழிலுக்கு பேப்பர்ல ஒரு பக்கம் ஒதுக்கறாங்கன்னா சந்தோஷம் தான். ஆனா நடுவுல ஒரு வரி போட்டிருந்தீங்க. ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும், அதனால இத படிச்சவனுக்கு வேலைக்கு பஞ்சமே இருக்காதுன்னு. மறுநாள் கிளாஸுக்கு ஒரு பையன் அந்த பக்கத்த மடிச்சு எடுத்துட்டே வந்துட்டான். "நீங்க கேஸ் தீராதுன்றீங்க, பேப்பர்லயே போட்டிருக்கே சார்"னு கேக்கறான். அவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசினத தான் இப்ப உங்களுக்கு எழுதறேன், நீளமா போயிடும், வெட்ட வேண்டியத நீங்களே வெட்டிக்கங்க.

ஏசில இருக்கற கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் இல்ல. காப்பர் பைப்புக்குள்ள அடைச்சு வெச்சிருக்கறது அது. ரூமுக்குள்ள இருக்கற காயில்ல திரவமா வந்து கொதிச்சு ஆவியாகுது, ஆவியாகறப்ப ரூம் சூட்ட இழுத்துக்குது, கம்ப்ரஸர் அந்த ஆவிய அமுக்கி வெளி யூனிட்டுக்கு தள்ளுது, அங்க சூட்ட வெளிய விட்டுட்டு மறுபடி திரவமாகி உள்ள வருது. மெஷின் ஆயுசு முழுக்க இதே சுத்து தான். முதல் நாள் எத்தன கிராம் போட்டாங்களோ பத்து வருஷம் கழிச்சும் அத்தன கிராம் உள்ள இருக்கணும். கொறஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்ட இருக்குன்னு அர்த்தம், ஓட்டைய அடைக்காம மேல மேல கேஸ் ஊத்தறது ஓட்டக் குடத்துல தண்ணி புடிக்கற கத தான்.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்சது இல்ல, எந்த பாட புத்தகத்த எடுத்தாலும் முதல் சில பக்கத்துலயே இருக்கும். ஆனா தொழில்ல இருக்கறவங்கள்லயே நெறய பேருக்கு தெரியாது, தெரிஞ்சவங்கள்ல கொஞ்ச பேர் தெரியாத மாதிரி இருந்துக்குவாங்க. ஒவ்வொரு பேட்ச்லயும் முதல் நாள் நான் கேக்கற கேள்வி, ஏசி ஓடுது ஆனா கூலிங் வரல, என்ன பண்ணுவேன்னு. ரெண்டு மூணு பேர தவிர எல்லாரும் "கேஸ் போடுவேன் சார்" தான். ஃபில்டர் அழுக்கா இருக்கலாம், வெளி யூனிட் காயில்ல தூசி அப்பி இருக்கலாம், ஃபேன் கெப்பாசிட்டர் வீக்கா இருக்கலாம், கேப்பிலரி, அதாவது கேஸ் போற ரொம்ப மெல்லிசான குழாய், அடைச்சிருக்கலாம், ரூமுக்கு அந்த மெஷினே பத்தாம இருக்கலாம், வெயில் நேரா அடிக்கற கண்ணாடி ஜன்னல்ல ஸ்க்ரீன் கூட போடாம இருக்கலாம். இதெல்லாம் பாத்துட்டு கடைசியா தான் கேஸ் பக்கம் வரணும். நம்ம ஆளுங்களுக்கு முதல்லயே கைல அழுத்தம் பாக்கற கேஜ் வந்துடுது. பயிற்சின்னு ஒண்ணு எதுக்கு வேணும்னு கேட்டா நான் இதத் தான் சொல்லுவேன். கேஸ் போட கத்துக்க ஒரு வாரம் போதும். கேஸ் போடக் கூடாதுன்னு எப்ப முடிவு பண்றதுங்கறதுக்கு தான் ரெண்டு வருஷம்.

நான் படிச்சு வந்தவன் இல்ல சார், கை வேலைல வந்தவன். ஒரு அண்ணன்கிட்ட ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற பையனா சேந்தேன். நல்ல மனுஷன், கை சுத்தம், ஆனா பைப்புக்குள்ள இருக்கறத உறிஞ்சி எடுக்கற வேக்கம் பம்ப்ப அவர் வண்டிலேந்து இறக்கவே மாட்டார். புது மெஷின் மாட்டினா பைப்புக்குள்ள இருக்கற காத்த கொஞ்சம் கேஸ விட்டே புஸ்ஸுன்னு வெளிய தள்ளிடுவார், அவ்ளோ தான் முடிஞ்சது. அவருக்கு அவர் குரு அப்படித் தான் காட்டிக் குடுத்தாராம். நானும் ஆறு வருஷம் அதே தான் பண்ணேன். நான் மாட்டின மெஷின்ல சிலதுல கம்ப்ரஸர் ரெண்டு வருஷம் கூட தாங்காம போகும், மெஷின் சரியில்லன்னு நெனச்சுக்குவேன். அப்பறம் ஒரு பெரிய சைட்ல வேல பாத்தப்ப அங்க இருந்த இன்ஜினியர் ஒருத்தர் செத்துப் போன கம்ப்ரஸர ஒண்ண அறுத்துக் காட்டினார். உள்ள ஆயில் கருப்பா, கெட்டுப் போன வாடை. பைப்ல தங்கின ஈரம் ஆயிலோட சேந்து ஆசிட் ஆகி மோட்டாரோட வைண்டிங்க, அதாவது கம்பிச் சுத்த, அரிச்சிருக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, எத்தன வீட்ல எத்தன மெஷின நானே கொன்னிருப்பேன்னு ஒரு கணக்கு மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

வேக்கம் போடறதுன்னா காத்த எடுக்கறது மட்டும் இல்ல, ஈரத்த எடுக்கறது. இது தான் பசங்களுக்கு புரியவே மாட்டேங்குது. தண்ணி 100 டிகிரில கொதிக்கும்னு ஸ்கூல்ல படிச்சிருப்பாங்க, ஆனா அது சாதாரண காத்தழுத்தத்துல. அழுத்தத்த இறக்க இறக்க கொதிநிலையும் இறங்கும், பம்ப் போட்டு நல்லா இழுத்தா பைப்புக்குள்ள ஒட்டியிருக்கற தண்ணி ரூம் சூட்லயே கொதிச்சு ஆவியாகி வெளிய வந்துடும். சாதாரண காத்தழுத்தம் 7,60,000 மைக்ரான் (வேக்கத்துல அழுத்தம் அளக்கற அலகு), நாம இறக்க வேண்டியது 500 மைக்ரானுக்கு கீழ. சாதா கேஜ்ல முள்ளு அடில போய் நின்னுட்டா முடிஞ்சதுன்னு நெனச்சுடறாங்க, அந்த கேஜ்ல 500ம் 5000மும் ஒண்ணா தான் தெரியும். மைக்ரான் கேஜ் வேணும். பம்ப்ப நிறுத்தி வால்வ மூடிட்டு ஏறுதான்னு கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கணும், கொஞ்சம் ஏறி நின்னுட்டா உள்ள இன்னும் ஈரம் இருக்கு, நிக்காம ஏறிக்கிட்டே போனா லீக் இருக்கு. இந்த உக்காந்து பாக்கறத தான் எந்த அவசர கோர்ஸும் சொல்லித் தர்றதில்ல, அதுக்கு நேரம் ஆகுமே.

பிரேசிங் பண்றப்ப நைட்ரஜன் விடறதும் அதே மாதிரி தான். காப்பர சூடு பண்ணி ஒட்டறப்ப உள்ள காத்து இருந்தா பைப்போட உள்பக்கம் கருப்பா செதில் செதிலா உரியும், வெளிய பாக்க ஜாயிண்ட் தங்கம் மாதிரி மின்னும். அந்த செதில் பின்னாடி ஒரு நாள் போய் கேப்பிலரிய அடைக்கும், அப்ப வர்ற மெக்கானிக் கூலிங் இல்லன்னு கேஸ் போட்டுட்டு போவான். லேசா நைட்ரஜன் ஓட விட்டுக்கிட்டே ஒட்டினா உள்ள புது பைப் மாதிரியே இருக்கும். நான் கிளாஸ்ல ரெண்டு விதமாவும் ஒட்டச் சொல்லி ரம்பத்தால நெடுக்க அறுத்து கைல குடுத்துடுவேன். அதுக்கப்பறம் ஒரு வார்த்த பேச வேண்டியதில்ல.

இந்த இடத்துல ஒரு விஷயம் கொஞ்சம் கோவமாவே சொல்லணும். நைட்ரஜன் சிலிண்டர் கைல இல்லன்னு ஆக்ஸிஜன் சிலிண்டர மாட்டி பிரஷர் டெஸ்ட் பண்றவங்க இன்னமும் இருக்காங்க. பிரேசிங் செட்ல தான் ஆக்ஸிஜன் இருக்கே, அது கேஸ் தானேன்னு. கம்ப்ரஸர்ல ஆயில் இருக்கு சார். அழுத்தத்துல இருக்கற ஆக்ஸிஜனும் ஆயிலும் சேந்தா அது குண்டு. இதுல உயிர் போயிருக்கு. எந்த பயிற்சி மையமா இருந்தாலும் முதல் வாரத்துலயே இத சொல்லலன்னா அந்த இடத்துல சேரவே வேண்டாம். நைட்ரஜனயும் அழுத்தத்த கொறச்சு விடற ரெகுலேட்டர் இல்லாம நேரா திறந்துவிடக் கூடாது, சிலிண்டர்ல இருக்கற அழுத்தத்துக்கு மெஷின் தாங்காது.

உங்க கட்டுரைல மூணு மாச கோர்ஸ், ஆறு மாச கோர்ஸ், ரெண்டு வருஷ கோர்ஸ்னு டேபிள் போட்டிருந்தீங்க. மாசத்த வெச்சு எட போடாதீங்க. ரெண்டு வருஷம் போர்டுல படம் வரஞ்சே ஓட்டின இடமும் எனக்கு தெரியும், ஆறு மாசத்துல பசங்கள நல்லா தேத்தி விட்ட இடமும் தெரியும். சேர்றதுக்கு முன்னாடி ஒர்க்ஷாப்ப ஒரு நடை நேர்ல போய் பாக்கணும். அங்க இருக்கற மெஷின் ஓடுதா, இல்ல பெயிண்ட் அடிச்சு பாதி வெட்டி வெச்ச காட்சிப் பொருளான்னு பாக்கணும். ஒரு மெஷினுக்கு எத்தன பசங்கன்னு கேக்கணும், பதினஞ்சு பேர் சுத்தி நின்னா முன்னாடி நிக்கற ரெண்டு பேர் தான் கத்துக்குவான், மத்தவன் முதுகு தான் பாப்பான். மைக்ரான் கேஜ் இருக்கா, எடை போடற மெஷின் இருக்கா, கேஸ திரும்ப எடுக்கற ரெக்கவரி மெஷின் இருக்கா, இருந்தா அது மேல தூசி இருக்கா. வேணும்னே ஃபால்ட் வெச்சு கண்டுபிடிக்க விடறாங்களான்னு முக்கியமா கேக்கணும். நான் சென்சார கழட்டி விடுவேன், கெப்பாசிட்டர வீக்கானது போடுவேன், ஒயர மாத்தி மாட்டுவேன், ஒரு தடவ ஒண்ணுமே பண்ணாம நல்ல மெஷின குடுத்து ஃபால்ட் கண்டுபிடிங்கடான்னு விட்டேன். நாலு பேர் கேஸ் கம்மின்னு எழுதிக் குடுத்தாங்க, அதுல ஒருத்தன் எவ்ளோ போடணும்னு கூட எழுதியிருந்தான்.

கரண்ட் பக்கத்த பத்தி உங்க பக்கத்துல ஒரு வார்த்த கூட இல்ல. வர்ற கம்ப்ளைண்ட்ல பெரும் பகுதி கேஸ் சம்பந்தப்பட்டதே இல்ல, எலக்ட்ரிக்கல் தான். ஒயர சுத்திப் பிடிச்சு கரண்ட் அளக்கற கிளாம்ப் மீட்டர் பிடிக்கத் தெரியணும், கெப்பாசிட்டர தொடறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் பண்ணணும், மெயின் ஆஃப் பண்ணாலும் அதுல கரண்ட் நிக்கும். கம்ப்ரஸர் வேகத்த தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கற இன்வெர்ட்டர் மெஷின் வந்தப்பறம் வெளி யூனிட் போர்டுல பெரிய கெப்பாசிட்டர் இருக்கு, அதுல நிக்கற வோல்டேஜ் கைய சும்மா விடாது. எர்ரர் கோட் வந்தா உடனே போர்ட மாத்தறது ஒரு பெரிய வியாதி ஆயிடுச்சு. கோட் சொல்றது எங்க தேடணும்னு தான், எது கெட்டுச்சுன்னு இல்ல. பைப் சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் அளந்து பாக்க ரெண்டு நிமிஷம், அத பண்ணாம போர்ட மாத்திட்டு போறான், ரெண்டு நாள்ல அதே கோட் திரும்ப வருது.

அளக்கறதுன்னு சொன்னதும் சூப்பர்ஹீட் ஞாபகம் வருது. "இத தமிழ்ல சொல்லுங்க சார்"னு பசங்க கேப்பாங்க, மேனுவல் பூரா இங்கிலீஷ்ல இருக்கு, பாவம். நான் இப்படி சொல்லுவேன். உள் காயில்ல கேஸ் 5 டிகிரில கொதிக்குதுன்னு வெச்சுக்க. கொதிச்சு முடிச்சு கடைசிச் சொட்டும் ஆவியான அப்பறமும் அது சூட்ட வாங்கிக்கிட்டே பைப்ல போகுது. வெளிய வர்ற எடத்துல பைப்ல தெர்மாமீட்டர் வெச்சா 11 டிகிரி காட்டுது. அந்த 6 டிகிரி வித்தியாசம் தான் சூப்பர்ஹீட். அது 15, 20னு ஏறிப் போனா காயில்ல திரவம் பத்தலன்னு அர்த்தம், கேஸ் கம்மியா இருக்கலாம், வழில அடைப்பு இருக்கலாம். வித்தியாசமே இல்லாம பூஜ்யம் ஆயிட்டா கொதிக்காத திரவம் அப்படியே கம்ப்ரஸருக்குள்ள போகுதுன்னு அர்த்தம், ஆவிய அமுக்க செஞ்ச மெஷினுக்குள்ள திரவம் போனா அது ஒடஞ்சுடும். ஒரு தெர்மாமீட்டர், ஒரு கேஜ், ஒரு கழித்தல் கணக்கு, அவ்ளோ தான் சமாச்சாரம். இத விட்டுட்டு "அறுபது வெச்சா போதும்டா"னு ஒரு நம்பர மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க.

அந்த அறுபதுக்கே ஒரு கத இருக்கு. ஆர்22 கேஸ் ஓடின காலத்துல சக்ஷன் பக்கம், அதாவது கம்ப்ரஸருக்குள்ள ஆவி போற பக்கம், அழுத்தம் 60, 70 பிஎஸ்ஐ நின்னா சரின்னு ஒரு பழக்கம். அப்பறம் ஆர்410ஏ வந்துச்சு, அதோட அழுத்தம் ஆர்22 மாதிரி கிட்டத்தட்ட 1.6 மடங்கு. எங்ககிட்ட படிக்கறதுக்கு முன்னாடி வெளிய ஒருத்தர்கிட்ட வேல பாத்த பையன் ஒருத்தன், நல்லா ஓடிட்டிருந்த 410ஏ மெஷின்ல கேஜ மாட்டிருக்கான், 120 காட்டிருக்கு, யாரோ ஓவரா அடைச்சு வெச்சிருக்காங்கன்னு நெனச்சு 60 வர்ற வரைக்கும் கேஸ வெளிய விட்டுட்டான். காயில்ல ஐஸ் கட்டிருச்சு. அப்பறம் அதுக்கும் கேஸ் கம்மின்னு சொல்லி திரும்ப போட்டானாம். இன்வெர்ட்டர்ல இந்த நம்பர் விளையாட்டு சுத்தமா செல்லாது, கம்ப்ரஸர் வேகம் மாறிக்கிட்டே இருக்கும், அழுத்தமும் கூடவே மாறும். பழச முழுக்க ரெக்கவர் பண்ணிட்டு, வேக்கம் போட்டு, மெஷின் மேல இருக்கற பிளேட்ல எழுதியிருக்கற கிராமை எடை போட்டு போடறது தான் வழி.

கேஸ் ஏன் மாறிக்கிட்டே இருக்குன்னும் பசங்களுக்கு சொல்லணும், இல்லன்னா கம்பெனிக்காரன் காசு பண்றதுக்காக மாத்தறான்னு நெனச்சுக்கறாங்க. 1974ல மோலினா, ரோலண்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க அப்ப புழக்கத்துல இருந்த சிஎஃப்சி கேஸெல்லாம் மேல போய் ஓசோன சிதைக்கும்னு எழுதினாங்க, 1987ல அந்த மாதிரி கேஸ நிறுத்தறதுக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்துச்சு, சிஎஃப்சி ஜாதியான ஆர்12 போச்சு, அதுக்கப்பறம் ஆர்22வும் போற வழில இருக்கு. 410ஏ ஓசோன ஒண்ணும் பண்ணாது, ஆனா ஒரு கிலோ வெளிய விட்டா கிட்டத்தட்ட 2 டன் கார்பன் டை ஆக்ஸைடு விட்ட அளவுக்கு பூமிய சூடாக்கும். அதனால 2016ல ருவாண்டா நாட்டு கிகாலில உலக நாடுகள் உக்காந்து இத மாதிரி கேஸயும் கொறைக்கணும்னு முடிவு பண்ணாங்க. ஆர்32க்கு அந்த பாதிப்பு மூணுல ஒரு பங்கு அளவு தான், ஆர்290க்கு ஏறக்குறைய ஒண்ணுமே இல்ல. ஆனா ஆர்290ன்றது என்ன? சுத்தமான புரொப்பேன். ஆர்32வும் லேசா தீப்பிடிக்கற ரகம் தான். புகைச்சுக்கிட்டே கேஜ் மாட்டின தலைமுறை நாங்க, இனிமே வர்ற பசங்களுக்கு அந்த சலுகை கெடையாது. காத்தோட்டம் இருக்கான்னு பாக்கணும், லீக் டிடெக்டர் கைல இருக்கணும், பைப்புல கேஸ் இருக்கறப்ப டார்ச்ச பக்கத்துலயே கொண்டு போகக் கூடாது. பழைய கேஸ்லயும் அந்த தப்ப பண்ணா தீக்கு பதிலா விஷப்புகை வரும், அது மட்டும் தான் வித்தியாசம். ரெக்கவரி சிலிண்டர 80 சதவீதத்துக்கு மேல நிரப்பக் கூடாதுங்கறது கூட தெரியாம நெறய பேர் இருக்காங்க, வெயில்ல வெச்சா திரவம் விரியும், இடம் இல்லன்னா சிலிண்டர் வெடிக்கும்.

இப்ப உங்க தலைப்புக்கே வரேன். ஹீட்டிங், வென்டிலேஷன், ஏர் கண்டிஷனிங்னு மூணயும் பெருசா போட்டுட்டு கட்டுரை பூரா கடைசி ஒண்ணு மட்டும் தான். நடுவுல இருக்கற வென்டிலேஷன யாருமே கண்டுக்கறதில்ல, பயிற்சி மையங்களும் சேத்து தான் சொல்றேன். வீட்ல மாட்டற சாதா ஸ்ப்ளிட் ஏசி வெளிக் காத்த உள்ள கொண்டு வரும்னு முக்கால்வாசி பேர் நம்பறாங்க. கொண்டு வராது. உள்ள இருக்கற காத்தயே இழுத்து குளிர வெச்சு திரும்ப விடுது. வெளிய கார்பன் டை ஆக்ஸைடு 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 420 பங்கு) கொஞ்சம் மேல இருக்கும், நான் ஒரு நாள் மீட்டர கிளாஸ்ல வெச்சு கதவ மூடி ஏசிய போட்டுட்டு பாடம் எடுத்தேன், ஒரு மணி நேரத்துல 2000 தாண்டிருச்சு, பாதி பேர் கொட்டாவி. என் பாடம் போர்னு அவங்களும் அவங்க சோம்பேறின்னு நானும் இத்தன வருஷமா நெனச்சுட்டு இருந்திருக்கோம்.

அது கொட்டாவி சமாச்சாரம், சில இடத்துல உயிர் சமாச்சாரம். ஆபரேஷன் தியேட்டர்ல காத்தழுத்தம் வெளிய இருக்கறத விட கூட இருக்கணும், கதவ திறந்தா காத்து வெளிய தான் தள்ளணும், அப்ப தான் வெளி கிருமி உள்ள வராது. காத்து வழியா பரவற நோய் வந்தவங்கள வெக்கற ரூம்ல நேர் எதிரா, காத்து உள்ள இழுக்கணும். இத மாத்தி செட் பண்ணிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 1976ல ஃபிலடெல்ஃபியால ஒரு ஹோட்டல்ல முன்னாள் படை வீரர்கள் கூட்டம் நடந்துச்சு, அதுக்கு வந்தவங்களுக்கு நிமோனியா மாதிரி ஏதோ வந்து 30 பேர் அளவுக்கு செத்துப் போனாங்க. பல மாசம் கழிச்சு தான் லீஜியோனெல்லான்னு ஒரு பாக்டீரியாவ கண்டுபிடிச்சாங்க, பெரிய ஏசி பிளான்ட்டோட சூட்ட தண்ணிய விட்டு ஆத்தற கூலிங் டவர் மாதிரி தண்ணி தேங்கற இடத்துல வளர்ற ஜாதி அது. டவர் கிளீனிங்க ஏதோ தண்டனை வேல மாதிரி புதுப் பையன் தலைல கட்டறத பாத்தா எனக்கு இது தான் ஞாபகம் வரும்.

ஹீட்டிங் நம்மாளுக்கு எதுக்குன்னு கேப்பாங்க. வெளிநாட்டு வேலைக்கு போறவன் அங்க போய் முழிக்கறது இதுல தான். ஹீட் பம்ப்புன்றது பெருசா ஒண்ணும் இல்ல, நம்ம ஏசியே தான், ரிவர்சிங் வால்வு ஒண்ணு இருக்கும், அது கேஸ் போற திசைய திருப்பி விட்டா உள்ள சூடு வெளிய குளிர். ஒரு யூனிட் கரண்ட்டுக்கு மூணு யூனிட் சூடு வரைக்கும் கூட கெடைக்கும், ஏன்னா அது சூட்ட உண்டாக்கல, வெளிய இருக்கறத தூக்கிட்டு வருது. கேஸ் எரிச்சு சூடு பண்ற ஃபர்னஸ், பாய்லர் தான் ஆபத்து. அதுல ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல கீறல் விட்டா கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள்ள வரும், வாசன இருக்காது, தூங்கறவன் தூக்கத்துலயே போயிடுவான். அளக்கற கருவி இல்லாம அந்த மெஷின தொடவே கூடாது.

உங்க பேப்பருக்கே சம்பந்தப்பட்ட ஒண்ணு சொல்றேன், பேப்பர்காரங்களுக்கே இது தெரியுமோ என்னவோ. இந்த ஏர் கண்டிஷனிங் பொறந்ததே ஒரு அச்சகத்துல தான். 1902ல நியூயார்க்ல ப்ரூக்ளின் பக்கம் ஒரு பிரஸ்ல கலர் பிரிண்ட் சரியா உக்காரல, ஒவ்வொரு கலரா அடிக்கறப்ப காத்துல இருக்கற ஈரத்துக்கு காகிதம் விரியறதும் சுருங்கறதுமா இருந்திருக்கு. வில்லிஸ் கேரியர்னு 25 வயசு இன்ஜினியர், குளிர்ந்த காயில் மேல காத்த ஓட்டி ஈரத்த கட்டுப்படுத்தற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணார். மனுஷனுக்கு ஜில்லுன்னு இருக்கணும்னு செஞ்சது இல்ல, காகிதத்துக்கு செஞ்சது. இத நான் வரலாறா சொல்ல வரல, ஈரம் தான் பாதி வேலைன்னு பசங்க மண்டைல ஏத்தறதுக்கு சொல்றேன். ரூமுக்கு தேவைக்கு மேல பெரிய மெஷின் மாட்டினா சட்டுனு குளிர்ந்து சட்டுனு நின்னுடும், ஈரத்த எடுக்க நேரமே கெடைக்காது, ஜில்லுன்னு இருக்கும் ஆனா உடம்பு பிசுபிசுன்னு இருக்கும். பெருசா மாட்டினா நல்லதுன்னு நெனைக்கறதும் கேஸ் கத மாதிரியே இன்னொரு கத தான். ஒரு டன்னுன்னா என்னன்னு கேட்டா மெஷின் வெயிட்னு சொல்ற பையன் பேட்சுக்கு ஒருத்தன் இருப்பான். 24 மணி நேரத்துல ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ உருக்க எவ்ளோ சூடு வேணுமோ அவ்ளோ சூட்ட எடுக்கற சக்தி அது, மணிக்கு 12,000 பிடியூ (சூட்ட அளக்கற அலகு), சுமார் 3.5 கிலோவாட். ஐஸ் கட்டிய வெச்சு குளிரூட்டின காலத்துலேந்து வந்த கணக்கு, அப்படியே நின்னுடுச்சு.

வேலைக்கு பஞ்சம் இல்லன்னு நீங்க எழுதினது உண்மை தான், காரணம் தான் தப்பு. சர்வதேச எரிசக்தி முகமை 2018ல சொன்ன கணக்குப்படி உலகத்துல அப்ப 160 கோடி ஏசி இருந்துச்சு, 2050க்குள்ள அது 560 கோடி ஆகும். அத்தனயும் யாரோ மாட்டணும், பாத்துக்கணும். வீட்டு ஏசிய தாண்டி தடுப்பூசிய 2லேந்து 8 டிகிரிக்குள்ள வெக்கற கோல்ட் செயின் இருக்கு, டேட்டா சென்டர் இருக்கு, தண்ணிய குளிர வெச்சு கட்டடம் பூரா அனுப்பற சில்லர் பிளான்ட் இருக்கு, பெரிய கட்டடத்துல காத்து போற ஒவ்வொரு டக்ட்லயும் எவ்ளோ காத்து வருதுன்னு அளந்து சரி பண்றதே தனி வேல. என்கிட்ட படிச்சதுல சம்பாத்தியத்துல மேல போனவன் பூரா நல்லா அளக்கத் தெரிஞ்சவன் தான், நல்லா ஒட்டத் தெரிஞ்சவன் இல்ல.

கஷ்டத்தயும் எழுதியிருக்கலாம் நீங்க. மொட்டை வெயில்ல தான் நமக்கு சீசன். அவுட்டோர் யூனிட் சுவத்துக்கு வெளிய தொங்குது, பெல்ட் போடாம ஜன்னல் வழியா ஒரு கால வெளிய வெச்சு வேல பாக்கற படம் எல்லாருக்கும் பழக்கமாயிடுச்சு, அது தைரியம் இல்ல சார். முட்டி போயிடும், முதுகு போயிடும். பெண் பிள்ளைங்க இந்த படிப்புக்கு வர்றது கம்மி, வெயிட் தூக்கணும்னு காரணம் சொல்றாங்க. ஒரு அவுட்டோர் யூனிட்ட தனியா தூக்கற ஆம்பளயும் தப்பு தான் பண்றான், அது ரெண்டு ஆள் வேல. என் பேட்ச்ல இது வரைக்கும் ரெண்டு பொண்ணுங்க தான் படிச்சாங்க, பைப் முனைய விரிச்சு நட் போட்டு இறுக்கற ஃப்ளேர் ஜாயிண்ட் ரெண்டு பேருக்கும் ஒரு தடவ கூட லீக் ஆனதில்ல, இறுக்கற அளவ காட்டற டார்க் ரெஞ்ச் போடாம இறுக்க மாட்டாங்க. பசங்க கைக்கணக்குல முறுக்கி நட்ட ஒடச்சுட்டு வந்து நிப்பானுங்க.

முழு லெட்டரும் போட இடம் இருக்காது, தெரியும். திருத்தம்னு ஒரு மூலைல, 'ஏசிக்கு வருடந்தோறும் கேஸ் நிரப்பத் தேவையில்லை, குறைந்தால் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்'னு ஒரே ஒரு வரி மட்டுமாவது போடுங்க. அந்த பையன் உங்க பக்கத்த இன்னும் மடிச்சு நோட்டுக்குள்ள வெச்சிருக்கான், அது மேலயே ஒட்டிக் குடுத்துடறேன்.

இப்படிக்கு,
ஒரு ஏசி மெக்கானிக்